ஆடும் புலியும் கைப்பேசியும்

இராசபாளையம் பக்கம் எந்தத் தோழரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இப்போதெல்லாம் முறையீடு ஒன்றுதான். நூல் விலை பற்றியதல்ல, போனஸ் பற்றியதுமல்ல. "பையன் செல்போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான், அண்ணே! சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், வீடியோ கேம் ஒன்றே போதும் என்கிறான்!" இரவு ஷிப்டு முடித்து, பஞ்சுத் தூசு படிந்த தலையோடும் எரியும் கண்களோடும் வீடு திரும்புகிறார் தகப்பன். அங்கே, அதே எரியும் கண்களோடு கைப்பேசியை வெறித்தபடி மகன்! ஆலை ஒருவர் தூக்கத்தைத் தின்றது. ஆட்டம் மற்றவர் தூக்கத்தைத் தின்றது. கோபம் வராதா? வரும். வரத்தான் வேண்டும்.

ஆனால், கோபம் வந்த வேகத்தில் விளையாட்டு என்றாலே வீண், கணினியில் ஆடுவது கழிசடை, கதை என்றால் அது ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே, அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை. கைப்பேசியைப் பிடுங்கும் தகப்பனாரை நாம் கேட்பது ஒன்றுதான்: அவன் என்ன ஆடுகிறான் என்று, அவன் தோளுக்குப் பின்னால் நின்று, ஒருநாளாவது எட்டிப் பார்த்ததுண்டா?

இந்த ஏச்சு நமக்குப் புதிதல்ல, தோழர்களே! நாடகத்தைத் தொட்டோம், கூத்தாடிகள் என்றார்கள். திரைப்படத்தைத் தொட்டோம், கொட்டகைக்கூட்டம் என்றார்கள். படித்த பெரிய மனிதர்கள் சினிமாவைத் தீண்டத்தகாத பொருளாக ஒதுக்கி வைத்திருந்த காலத்தில்தான் 1949இல் 'வேலைக்காரி' வந்தது. 1952இல் 'பராசக்தி' வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயி, நாலணா டிக்கெட்டில் தரையில் உட்கார்ந்து, நாட்டு நடப்பைக் கேட்டுக்கொண்டு எழுந்து போனான். கொட்டகை கெட்டதா, நல்லதா என்று தருக்கம் நடத்திக் கொண்டிருந்தவர்கள் நடத்திக் கொண்டே இருந்தார்கள். கொட்டகைக்குள் என்ன கதை ஓடுகிறது என்று கேட்டவர்களுக்குத்தான் அதன் வலிமை விளங்கிற்று. வீடியோ கேமைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

விளையாட்டுக்குள் கதையா என்று சிரிக்க வேண்டாம். திருவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பெரியவர் எவரையாவது ஆடு புலி ஆட்டம் ஆடச் சொல்லிப் பாருங்கள். பலகை வேண்டாம், காசு வேண்டாம். மண்டபத்துத் தரையிலோ பாறையிலோ எவரோ ஒருவர் என்றோ செதுக்கி வைத்த முக்கோணக் கட்டம் போதும். கட்டம் இல்லாத ஊரில் கரித்துண்டால் கோடு இழுத்துக் கொள்ளலாம். கோடுகள் கூடும் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. தாயக்கட்டை கிடையாது, சோழி கிடையாது. மூளை ஒன்றுதான் முதலீடு.

இனி ஆட்டத்தைப் பாருங்கள். புலி பாயும், ஆட்டைத் தாண்டி அப்பால் உள்ள காலிப் புள்ளியில் குதித்தால் அந்த ஆடு பலி. ஆடு பாயாது. பாயும் உரிமையே அதற்கு இல்லை; ஒவ்வொரு புள்ளியாக நகரலாம், அவ்வளவுதான். எத்தனை அநீதியான ஏற்பாடு! ஆனாலும் ஆடு வெல்லும். எப்படி? தனித்து நிற்கும் ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கும், புலி குதிக்கும். அந்தக் காலி இடத்தில் இன்னோர் ஆடு வந்து நின்றுவிட்டால்? குதிக்க வழியில்லை! ஒன்றன் பின் ஒன்றாக, தோளோடு தோளாக ஆடுகள் நின்று, மூன்று புலிகளும் நகர இடமின்றி முடங்கினால் ஆட்டம் முடிந்தது. புலியைக் கொல்லவில்லை, கடிக்கவில்லை, நகரவிடாமல் செய்துவிட்டன. வேலைநிறுத்தம் என்ற சொல் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே, சங்கத்துக்குச் சந்தா புத்தகம் அச்சாவதற்கு முன்பே, மாடு மேய்த்த சிறுவன் பாறை மேல் உட்கார்ந்து இதைக் கற்றுக் கொண்டிருக்கிறான். எவரும் அவனுக்குச் சொற்பொழிவு ஆற்றவில்லை. 10 ஆட்டம் தோற்றிருப்பான். 11ஆம் ஆட்டத்தில் அவன் விரலே அவனுக்குச் சொல்லிற்று.

(மலை மேல் இப்போது மெய்ப்புலிக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது, திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்கே நாம் புலியின் கட்சி. கட்டத்தில் மட்டும் ஆட்டின் கட்சி!)

அதே ஊரில் இன்னோர் ஆட்டமும் உண்டு. மார்கழியில், வைகுண்ட ஏகாதசி இரவில், கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதம். ஏணியும் பாம்பும் நிறைந்த படம். புண்ணியத்துக்கு ஏணி, பாவத்துக்குப் பாம்பு, உச்சியில் வைகுந்தம். இதுவும் கதை சொல்லும் ஆட்டம்தான், மறுப்பாரில்லை. வெள்ளைக்காரன் இதைப் பார்த்து மகிழ்ந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் நாட்டுக்கே கொண்டு போனான். அமெரிக்காவில் 1943 முதல் பாம்புக்குப் பதில் சறுக்குமரம் வைத்து விற்றார்கள். ஆனால் தோழரே, அதை ஆடும்போது நீங்கள் செய்வது என்ன? கட்டையை உருட்டுகிறீர்கள். அது காட்டிய வீட்டுக்குக் காயை நகர்த்துகிறீர்கள். ஏணியில் ஏறியவன் நல்லவனாக நடந்து ஏறவில்லை. பாம்பின் வாயில் விழுந்தவன் தீமை செய்து விழவில்லை. உருண்ட கட்டை அப்படி! படத்தில் எழுதியிருப்பது ஒழுக்கம். ஆட்டம் சொல்லிக் கொடுப்பதோ தலையெழுத்து!

ஆட்டத்தின் மேலே எழுதி ஒட்டியிருப்பது கதையல்ல என்று நாம் சொல்வது இதனால்தான். அதன் விதி எதுவோ அதுவே கதை. எவனுக்குப் பாய உரிமை, எவனுக்கு நகர மட்டும் உரிமை, எவன் கையில் முடிவு, எவன் கையில் கட்டை — அங்கே இருக்கிறது கதை.

இந்த நுட்பத்தை அமெரிக்காவில் ஒரு பெண்மணி நன்றாக அறிந்திருந்தார். எலிசபெத் மேகி என்று பெயர். நிலத்தை வளைத்துப் போட்டவன் உட்கார்ந்த இடத்திலேயே கொழுக்கிறான், வாடகை கொடுப்பவன் ஓடி ஓடி ஓட்டாண்டி ஆகிறான் என்பதை மக்களுக்குக் காட்ட 'நிலச்சுவான்தார் ஆட்டம்' என்று ஒன்றை அமைத்து 1904இல் காப்புரிமை வாங்கினார். பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். அதே ஆட்டம் கைமாறி, உருமாறி, 1935இல் 'மோனோபொலி' என்ற பெயரில் கடைக்கு வந்தது. நிலச்சுவான்தாரைக் கண்டு கொதிக்கச் சொன்ன ஆட்டம், நிலச்சுவான்தாராக ஆகிக் களிக்கச் சொல்லும் ஆட்டமாயிற்று! கம்பெனி கோடி கோடியாய்க் குவித்தது. அம்மையாருக்குக் கிடைத்தது 500 டாலர். கதை சொல்லும் கருவியை நம் கையிலிருந்து நழுவவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனிக் கைப்பேசிக்கும் கணினிக்கும் வருவோம்.

2013இல் லூகாஸ் போப் என்பவர் ஏறத்தாழத் தனியொருவராகவே செய்து வெளியிட்ட ஆட்டம் ஒன்று உண்டு. 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று பெயர். காகிதத்தைக் காட்டு என்று பொருள். துப்பாக்கி தூக்கிச் சுட்டுத் திரியும் வீரன் வேடமா நமக்கு? இல்லை. எல்லைச் சாவடியில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டைச் சரிபார்த்து முத்திரை குத்தும் கடைநிலை ஊழியன் வேடம்! அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, கெடுபிடி ஆட்சி. சரியாகப் பார்த்து அனுப்பும் ஆளுக்கு இத்தனை என்று கூலி. தலைக்கு இவ்வளவு, பீசுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நம் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மாலையில் கணக்கு வரும்: வாடகை இவ்வளவு, சோறு இவ்வளவு, குளிருக்கு அடுப்பெரிக்க இவ்வளவு, நோயாளிக்கு மருந்து இவ்வளவு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமன். சம்பளம் எல்லாவற்றுக்கும் எட்டாது. எதை வெட்டுவது? மருந்தையா, சோற்றையா? முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்!

ஒருநாள் ஒருவன் வருகிறான். காகிதமெல்லாம் சரி. முத்திரை குத்துகிறீர்கள். போகும்போது சொல்கிறான், அடுத்து வருபவள் என் மனைவி, கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள் என்று. அவள் வருகிறாள், ஒரு காகிதம் இல்லை. திருப்பி அனுப்பினால் கணவன் உள்ளே, மனைவி வெளியே. உள்ளே விட்டால் உங்கள் பெயரில் குற்றச்சீட்டு. குற்றச்சீட்டு ஏறிக்கொண்டே போனால் கூலியில் பிடித்தம். கூலி குறைந்தால் உங்கள் பிள்ளைக்கு மருந்தில்லை. கையில் முத்திரை. வரிசையோ நீளம். நேரமோ ஓடுகிறது.

புத்தகத்தில் இதைப் படித்திருந்தால், "அட கல்நெஞ்சனே!" என்று அந்த ஊழியனைத் திட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். திரையில் கண்டிருந்தால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்போம். இங்கே முத்திரை குத்துவது நம் விரல்! கல்நெஞ்சன் எப்படி உருவாகிறான் என்பதை அவன் நாற்காலியிலேயே நம்மை உட்கார வைத்துக் காட்டுகிறது ஆட்டம். தாலுக்கா ஆபீசில் மனுவைத் தூக்கி எறிகிற குமாஸ்தாவை நாளைக்குப் பார்க்கும்போது, அவனை ஏவியவன் எவன் என்று கேட்கத் தோன்றும். பொழுதுபோக்கா இது? பொழுது போகும், ஐயமில்லை. போன பொழுதுக்குக் கூலியும் கிடைக்கிறது.

போலந்து நாட்டில் 2014இல் செய்யப்பட்ட இன்னோர் ஆட்டம், 'திஸ் வார் ஆஃப் மைன்'. போர் ஆட்டம்தான், ஆனால் நீங்கள் சிப்பாய் அல்ல, முற்றுகையிட்ட நகரத்தில் பட்டினி கிடக்கும் குடிமகன். சரயேவோ நகரம் 1990களில் பட்ட பாடு அதற்கு அடிப்படை. கிழவனும் கிழவியும் தனியே வாழும் வீட்டுக்குள் புகுந்து அவர்கள் மருந்தைத் திருடலாம், ஆட்டம் தடுக்காது. திருடி வந்தபின் உங்கள் கூட்டாளி மனமுடைந்து உட்கார்ந்து விடுவான், அவ்வளவுதான். 2020இல் அந்த நாட்டு அரசு அதை உயர்நிலை மாணவர்களுக்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. ஏட்டுக்குப் பக்கத்தில் ஆட்டம்! நம் கல்விமான்கள் இதைக் கேட்டால் மயக்கமடைந்து விழுவார்கள். தண்ணீர் தெளித்துவிட்டு மேலே போவோம்.

"அதெல்லாம் சரி, என் மகன் ஆடுவது இதுவல்லவே!" என்று தோழர் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பப்ஜி என்றும் ஃப்ரீ ஃபயர் என்றும் அவன் ஆடுவதில் கதை அதிகமில்லை. கபடி போல, கிட்டிப்புள் போல அதுவொரு போட்டி. நண்பனோடு சேர்ந்து ஆடுகிறான், தோற்கிறான், கத்துகிறான். 2020 செப்டம்பரில் டில்லி அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. 2021இலேயே அது சட்டையை மாற்றிக்கொண்டு வேறு பெயரில் வந்து சேர்ந்தது. அதை நாம் புகழவில்லை. இரவு 2 மணி வரை ஆடினால் கபடியும் கேடுதான். நேரத்துக்கு வரம்பு கட்டுவது வீட்டின் வேலை, கட்டுங்கள்.

ஆனால் விளையாட்டு வேறு, சூதாட்டம் வேறு. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். ரம்மி என்று கைப்பேசிக்குள் நுழைந்ததே, அது மகனைப் பிடித்ததைவிட அதிகமாகத் தகப்பனைப் பிடித்தது! சம்பள நாளன்று ஆலை வாசலில் நின்ற கந்துவட்டிக்காரன் போய், சட்டைப்பைக்குள்ளேயே ஒரு கந்துவட்டிக்காரன் குடியேறினான். தாலி அடகுக்குப் போயிற்று, உயிர்களும் போயின. 2022இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து ஆராய்ந்து, சட்டமன்றம் தடைச் சட்டம் இயற்றிற்று. ஆளுநர் மாதக்கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றிற்று. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று சொல்லி அவற்றின் மீதான தடையை நீக்கிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. இத்தனை சுற்றுக்குள் சூறை போன குடும்பங்களை எவர் எண்ணினார்? அதன் விதியையும் படித்துப் பாருங்கள்: எவர் வென்றாலும் கம்பெனிக்குப் பங்கு. 15 ஆடுகளையும் தனித்தனியே, ஒன்றையொன்று பாராமல், ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் அடைத்து வைத்த ஆடு புலி ஆட்டம் அது!

சூதை விலக்கிய கையோடு, கதைக்கு வருவோம். தமிழன் கதை ஏதாவது உண்டா இந்தத் தொழிலில் என்று கேட்கலாம். உண்டு. 'வெண்பா' என்றே பெயர்! 2023 ஜூலையில் வெளிவந்தது. செய்தது கனடா நாட்டு டொராண்டோ நகரில், விசை கேம்ஸ் என்ற சிறிய குழு. முதல்வர் அபி என்ற தமிழ் இளைஞர். 1988இல் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து வளரும் மகன் கவின் — மூவர் கதை. சண்டையில்லை, சாகசமில்லை. சமைக்க வேண்டும்! தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நைந்து, கறைபட்டு, பாதி எழுத்து அழிந்து கிடக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் எல்லாக் குழிக்கும் ஆவி போகும், புட்டுக் குழலில் எதை முதலில் போடுவது, பிரியாணிக்கு எது முன் எது பின் — அழிந்த எழுத்தை ஆடுபவன்தான் ஊகித்து நிரப்ப வேண்டும்.

அடுப்படி வேலையில் என்ன கதை என்று கேட்பவர் தம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தறியாதவராகத்தான் இருக்க வேண்டும். தாய் தமிழில் கேட்கிறாள். மகன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. வளர்ந்த மகன் ஒருநாள் அதே குறிப்பேட்டை எடுக்கிறான். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. தாய்மொழி, கண் முன்னே, பூட்டிய பெட்டியாகக் கிடக்கிறது! அவன் தடுமாறும்போது ஆடுபவனும் தடுமாறுகிறான். அவன் தவறாகப் புரிந்துகொண்டதை வைத்தே குழம்பு கூட்ட வேண்டியிருக்கிறது. மொழி போனால் என்ன போகும் என்று மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். அடுப்பில் வாணலியை வைத்துவிட்டுத் தாயின் எழுத்தைப் படிக்க முடியாமல் நிற்கும் மகனை இப்படிக் கண்முன் நிறுத்திய முழக்கம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறோம், குறைவுதான்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா கழகம் சிறந்த அறிமுக ஆட்டம் என்று அதற்குப் பரிசளித்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் தனிக்குழுக்களுக்கான விழாவில் தலைப்பரிசும் அதற்கே. இட்லித் தட்டுக்கு! நாடு தாண்டிய தமிழன் இட்லியை உலக மேடைக்கு ஏற்றினான். உள்ளூர்த் தமிழன் ஆட்டம் என்றாலே அசிங்கம் என்கிறான்!

இந்தியாவில் பிறர் சும்மா இல்லை. புனேக்காரர்கள் 2020இல் 'ராஜி' என்று ஒன்று வெளியிட்டார்கள். கண்ணுக்கு அழகு, உழைப்பு மெய். கதையோ அதே பழைய சரக்கு: அசுரன் தூக்கிப் போன தம்பியை மீட்கத் தேவர்கள் துணையோடு போர்! குஜராத்தில் சாலா என்ற சிற்றூரில் ஓலியோமிங்கஸ் என்ற மிகச் சிறு குழு. நகராட்சி ஆணைப்படி கட்டடத்தைத் தின்று தீர்க்கும் ஊழியன் ஒருவனை வைத்து, வரலாற்றை அழிக்கும் ஆட்சியைப் பற்றி 2020இல் ஆட்டம் செய்தார்கள். கல்கத்தாவிலிருந்து, பெண்கள் கடத்தி விற்கப்படும் கொடுமையை 'மிஸ்ஸிங்' என்ற பெயரில் 2016இல் கைப்பேசி ஆட்டமாக்கினார்கள்.

சாலாவில் முடிந்தது இங்கே முடியாதா? கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கணினி படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஆட்டம் செய்யும் மென்பொருள் கோடாட் என்று ஒன்று, காலணாச் செலவில்லாமல் கிடைக்கிறது. கதைக்கா பஞ்சம்? பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பாலைக் கிளறிக் கிளறித் தோள் கழன்றவன் கதை எவரிடம் இருக்கிறது? சிவகாசிப் பட்டாசு உலகறியும். மருந்து இடிக்கும் கை என்ன நினைத்துக்கொண்டே இடிக்கிறது?

நம்மைக் கேட்டால், சத்திரப்பட்டித் தறிக்காரரிலிருந்து தொடங்கச் சொல்வோம். ஆஸ்பத்திரிகளுக்குக் காயம் கட்டும் துணி நெய்யும் ஊர். இரவு ஷிப்டு, நான்கு தறி, ஓர் ஆள். ஒரு தறியில் நூல் அறுகிறது. ஓடி முடிச்சுப் போடுவதற்குள் அடுத்ததில் அறுகிறது. கரண்டு நின்றால் தறி நிற்கும், கூலி நிற்கும், வட்டி மட்டும் நிற்காது. நூல் விலை ஏறிய வாரத்தில் முதலாளி இரண்டு தறியை நிறுத்தச் சொல்கிறார். பக்கத்துத் தறிக்காரன் காய்ச்சலில் படுத்தால் அவன் தறியையும் சேர்த்துப் பார்ப்பதா, பார்த்தால் நம் துணி கெடுமா, பார்க்காவிட்டால் அவன் அடுப்பு எரியுமா? விரலால் முடிச்சுப் போட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். நியூயார்க்கில் உட்கார்ந்து அதை ஆடுபவன், கையில் கட்டியிருக்கும் துணியை ஒருமுறை திரும்பிப் பார்ப்பான்.

மகனிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கும் முன், தோழரே, அவனை ஒருநாள் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போங்கள். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட எத்தனை நொடி வேண்டும், எத்தனை நொடி தாமதித்தால் துணியில் கோடு விழும் — ஆட்டத்தில் அந்தக் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். அவனுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.